ஏழாவது கேள்வி

உப்பு போக மாட்டேன் என்கிறது. விளக்குமாற்றால் தள்ளினால் மேலாகக் கிடப்பது மட்டும் உருண்டு ஓடுகிறது, அடியில் இருப்பது மார்கழிப் பனியில் கசிந்து சிமெண்டோடு சிமெண்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது, யார் யாரோ நேர்ந்துகொண்டு வந்து கொட்டிய உப்பு, கூடவே மிளகு, அமலோற்பவம் என்று வெட்டியிருக்கிற எழுத்துக் குழிக்குள் எல்லாம் மிளகு. பத்து மணிக்கு ஜீப் வந்துவிடும். நேற்று பூசை முடிந்ததும் பங்குச் சாமி லெயோ என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். "இஞ்ஞாசியம்மா, ஆயர் போட்ட விசாரணைக் குழு நாளைக்கு மொதல்ல கல்லறைக்குத்தான் வருவாங்க. உப்பு, மெழுகுவத்தி, தொட்டில் ஒண்ணும் அங்க இருக்கக் கூடாது. ரோமாபுரியில சொல்றதுக்கு முன்னாடி நாமளா புனிதைன்னு கும்பிட்டா பட்டம் குடுக்குற வழக்கே நிக்காது. கல்லறை கல்லறையா இருக்கணும்." சரிங்க சாமி என்றேன். எனக்கு இது எப்போதுமே கல்லறைதான். உள்ளே கிடப்பது என் தங்கச்சி. சாகும்போது அவளுக்கு ஒன்பது வயது, எனக்குப் பன்னிரண்டு. நாற்பது வருஷமாக நான் மட்டும் கிழவியாகிக்கொண்டு வருகிறேன். இடுப்பு வலிக்கிறது, குனிந்தால் நிமிர முடியவில்லை, ஆனால் பயம் இடுப்பில் இல்லை. கல்லறையைப் பார்த்துவிட்டு எல்லாரும் பங்கு வீட்டுக்குப் போவார்கள், அங்கே மேசைமேல் சுவிசேஷப் புத்தகம் இருக்கும், அதன்மேல் என் கையை வைக்கச் சொல்வார்கள். பிறகு கேள்விகள். எந்த மாதிரிக் கேட்பார்கள் என்று தெரியும், வழக்குக்காக ஓடியாடுகிற சிஸ்டர் ஒருவர் போன மாதம் வீட்டுக்கு வந்து ஒரு தாளை வைத்துக்கொண்டு என்னிடம் முன்கூட்டியே விசாரித்துப் போனார். தாளை என் கையிலும் கொடுத்தார். நான் ஐந்தாவது வரை படித்தவள், எழுத்தின் கீழே விரலை வைத்து நகர்த்தித்தான் படிப்பேன், ஏழாவது கேள்விக்கு வந்ததும் விரல் நின்றுவிட்டது. அமலோற்பவம் தம் உணவை விட்டுக்கொடுத்தது யாருடைய தூண்டுதலும் இன்றி, தாமாக மனமுவந்து செய்ததா? ஆமாம் சிஸ்டர் என்றேன். அவர் பேனாவால் ஒரு கோடு போட்டுக்கொண்டார். அவ்வளவு சுலபமாக இருந்தது. அன்றைக்குக் கை புத்தகத்தின்மேல் இல்லை, மடியில் இருந்தது.

தாமாக. அந்த ஒரு வார்த்தையில்தான் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். கன்னியர் மடத்துக்காரர்கள் அவள் கதையை அச்சடித்த சின்னப் புத்தகத்தில் எல்லாம் தெளிவாக இருக்கிறது, அதைப் படிக்காத வீடு மருதக்கண்மாய்ப் பங்கில் கிடையாது. கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் ஒறுத்தல் செய்ய வேண்டும், ஆசைப்பட்டதில் ஒன்றை விட்டுவிட்டு, ஒரு ஒறுத்தலுக்கு ஒரு வைக்கோல் என்று கோவில் குடிலில் போட வேண்டும், பாலன் இயேசுவுக்கு முதுகு வலிக்காமல் மெத்தென்று இருக்க. மற்றப் பிள்ளைகள் மிட்டாயை விட்டார்கள், விளையாட்டை விட்டார்கள். அமலி சத்துணவுச் சோற்றை விட்டாள். தினமும் தன் தட்டை, புத்தகத்தில் போட்டிருக்கிறபடி, பசித்திருந்த தன் தமக்கைக்கு மனமுவந்து ஈந்தாள். அந்தத் தமக்கை நான். அந்த ஒரு வரியோடு நான் முடிந்தேன். கடைசியில் காய்ச்சலோடு கோவிலுக்கு நடந்துபோய், கடைசி வைக்கோலைப் போட முடியாமல் குடில் முன்னால் சுருண்டு விழுந்தாள், கோவில் உபதேசியார் தூக்கி வந்தபோது வைக்கோல் கைக்குள் இருந்தது, ஆறாவது நாள், கிறிஸ்துமஸ் கழிந்து மூன்றாம் நாள் வருகிற மாசில்லாக் குழந்தைகள் திருநாள் அன்று, செத்துப்போனாள். அந்த வைக்கோல் இப்போது மடத்தில் கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. இன்றைக்கு அதையும் கொண்டுவருகிறார்கள். எல்லாம் நடந்ததுதான், ஒன்றும் பொய்யில்லை, சோறு என் வயிற்றுக்குள் போனது பொய்யில்லை. அந்த வருஷம்தான் என்னைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்தினார்கள், அம்மா களையெடுக்கப் போனால் ஆட்டைப் பார்க்க ஆள் வேண்டும். பள்ளிக்கூடத்தில் பெயர் இருந்தால்தான் சத்துணவு. எனக்குப் பெயர் இல்லை. பள்ளிக்கூடத்துப் பின்வேலியில் ஆடு நுழைகிற அளவுக்கு ஓர் ஓட்டை, வேலிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் சாம்பார் வாசனை. முதல் நாள் யார் முதலில் வாயைத் திறந்தது? அவளா தட்டை நீட்டினாள், நானா கேட்டேன்? அங்கேதான் போய்ப் போய் முட்டுகிறேன். அவள் நீட்டியதாகவும் தெரிகிறது, நான் கேட்டதாகவும் தெரிகிறது, கண்ணை மூடினால் தட்டு மட்டும் தெரிகிறது, விளிம்பு நெளிந்த அலுமினியத் தட்டு. முதல் நாளை விடு. இரண்டாம் நாளிலிருந்து எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. வேலி ஓட்டையில் முகத்தை வைத்துக்கொண்டு நான் கேட்பேன்: "ஏடி அமலி, இன்னைக்கு வைக்கோல் வேண்டாமா?"

"ஏ இஞ்ஞாசி, தேய்ச்சுத் தேய்ச்சு ஒன் தங்கச்சிய எழுப்பிவிட்டுறாத." பிரகாசிதான். கல்லறைத் தோட்டத்து வாசலில் உப்புப் பொட்டலமும் மெழுகுவத்தியும் விற்கிறவள், இன்றைக்குக் கடை போடக் கூடாது என்று சாமி சொன்னதில் நேற்றிலிருந்து யாரைப் பார்த்தாலும் பாய்கிறாள். "சாமி என்ன சொல்றாரு தெரியுமா, ஒன் தங்கச்சி இன்னும் சாதாரண ஆளுதானாம். நாப்பது வருஷமா நாம உப்பக் கொட்டி மன்றாடுனது எல்லாம் யாருகிட்டயாம்? பக்கத்துக் கல்லறை அந்தோணிக் கிழவன்கிட்டயா? அவன் உசுரோட இருந்தப்பவே ஒண்ணும் செய்யல." எனக்குச் சிரிப்பு வந்தது, வாய் கோணியதோடு நின்றுபோனது. "தொட்டில அவிழ்க்க ஒரு கை குடு பிரகாசி" என்றேன். கல்லறைக்கு மேலே குனிந்த வேப்பங்கிளையில் பிள்ளை வரம் கேட்டுக் கட்டிய துணித் தொட்டில்கள், சேலைக் கிழிசலில் கட்டியவை, மழையில் முடிச்சு இறுகி நகம் போகாமல் இருக்கின்றன. "சாட்சி சொல்லப் போற, முகத்த ஏன் இப்படி வச்சிருக்க" என்றாள் பிரகாசி கிளையை வளைத்துக்கொண்டே. "நீதான் பக்கத்துல இருந்து பாத்தவ. நீ சொல்றதுதான் சொல்லு. புனிதைக்கு அக்கா, அப்புறம் ஒன்னையப் பிடிக்க முடியுமா. நாங்க எல்லாம் ஒன் வீட்டு வாசல்ல உப்போட வந்து நிக்க வேண்டியதுதான்." அவள் விளையாட்டுக்குத்தான் சொன்னாள். என் கையில் இருந்த தொட்டில் நழுவிக் கீழே விழுந்தது. ஈரத் துணி, எடையே இல்லை.

மெழுகைச் சுரண்டக் கத்தி கொண்டுவந்தேன். கத்தி சிமெண்டில் உரசுகிற சத்தம் பல்லைக் கூசவைக்கிறது. நான் உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? குழுவில் எழுதுகிறவர் பேனாவை நிறுத்துவார். விசாரிக்க வருகிற பெரிய சாமி கண்ணாடியைக் கழற்றுவார். கேட்டு வாங்கினதா, அப்படியானால் அது புண்ணியமா, அக்காவுக்குப் பயந்து ஒரு சின்னப் பிள்ளை சோற்றைக் கொடுத்தது எந்தக் கணக்கில் சேரும் என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். தாளைக் கட்டி எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். பிறகு இந்த ஊரில் நான் எந்தத் தெருவில் நடப்பது? சொல்லாவிட்டால்? சொல்லாவிட்டால் புத்தகத்தின்மேல் கையை வைத்துக்கொண்டு பொய். அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை. அம்மா சாகிறவரைக்கும் அமலியின் படத்துக்கு முன்னால்தான் செபமாலை சொன்னாள், முடித்ததும் திரும்பி என்னைப் பார்த்து, "நீ குடுத்துவச்சவடி, அவ கைச் சோத்தத் தின்னவ" என்பாள், நல்ல மனதோடுதான் சொல்வாள். அமலிக்கு வந்தது டைபாய்டு என்று ஆஸ்பத்திரி நர்ஸ் பிற்பாடு சொன்னதாகக் கேள்வி. அந்த வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். டைபாய்டு சோறு தின்கிற பிள்ளைக்கும் வரும், தின்னாத பிள்ளைக்கும் வரும். வரும்தான். ஆனால் தின்கிற பிள்ளை தாங்கும், பிழைத்து எழுந்து உட்காரும். இருபத்திரண்டு நாள் மத்தியானச் சோறு. வீட்டில் ராத்திரி கஞ்சி, அதுவும் தண்ணீர். அந்த நாட்களில் என் முழங்கை உருண்டது, கன்னம் வந்தது, அம்மா அதைப் பார்த்து, ஆட்டுப் பால் குடிக்கிறியாடி திருட்டுக் கழுதை என்று கேட்டாள். கத்தி வழுக்கி ஆள்காட்டி விரலில் பட்டுவிட்டது. ரத்தம் கொஞ்சம்தான். உப்புக் கை, எரிகிறது.

எட்டே கால் இருக்கும், வாசலில் பிரகாசி யாரையோ மறித்தாள், அவர்கள் மீறி உள்ளே வந்துவிட்டார்கள். ஒரு பெண், கீழத்தெருவில் வாழ்க்கைப்பட்ட அற்புதம், கையில் தன் மகளைப் பிடித்து இழுத்துக்கொண்டு. மகள் பள்ளிக்கூடச் சீருடையில், முதுகில் பை, எட்டு வயது இருக்கலாம், கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. "பெரிம்மா, ஒரே ஒரு பிடி உப்பு, போட்டுட்டுப் போயிர்றேன்" என்றாள் அற்புதம். இன்றைக்குக் கூடாது, சாமி வைவார் என்றேன். "அப்ப நீங்களாவது ஒங்க தங்கச்சிகிட்டச் சொல்லுங்க. இந்தக் கழுதை சாப்பிட மாட்டேங்குறா. முந்தாநேத்து ப்ரேயர்ல மயங்கி விழுந்துட்டா. கட்டிக் குடுக்குற டிபன் காலியா வருது, நானும் திங்கிறான்னு நெனச்சேன். விசாரிச்சா, வகுப்புல எவளுக்கோ குடுக்குறாளாம், தெனமும். அடிச்சும் பாத்துட்டேன். கேட்டா, அமலி மாதிரிம்மாங்குறா." அவள் உப்புப் பொட்டலத்தை என் கையில் திணித்துவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். நான் அந்தப் பிள்ளையைப் பார்த்தேன். அவள் கல்லறையைப் பார்த்தாள், கோவிலில் பார்க்கிற மாதிரி, நேராக. "ஒம் பேரு என்னம்மா?" ஷெர்லின் என்றாள். "சோத்த யாருக்குக் குடுக்குற?" "காவ்யாவுக்கு." என் வாய் தானாகக் கேட்டது, தாளில் இருந்ததையே கேட்டது. "நீயா குடுக்குறியா, அவ கேக்குறாளா?" ஷெர்லின் யோசித்தாள். "மொதல்ல நானாத்தான் குடுத்தேன். இப்ப அவ கேக்குறா." "பசிக்காதா ஒனக்கு?" "பசிக்கும். பசிச்சாத்தான் வைக்கோல்." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தாள், நான் புனிதையின் அக்கா, எனக்குத் தெரியாததா என்கிற மாதிரி. "அமலி ஒரு நாள்கூட சாப்பிடவே இல்லல்ல, பாட்டி?"

சாப்பிடவே இல்லையா. கத்தி இன்னும் என் கையில் இருந்தது, கீழே வைத்தேன். லீவு விடுவதற்கு முந்தின நாள் அது. வேலி ஓட்டைக்கு அந்தப் பக்கம் அமலி தட்டோடு வந்தாள், கண் சிவந்திருந்தது, தட்டை வாங்கும்போது பட்ட விரல் சுட்டது. நான் அதைக் கவனித்தேன், கவனித்துவிட்டு, சோற்றைப் பார்த்தேன். பாதி தின்றிருப்பேன். அவள் போகாமல் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "அக்கா, ரெண்டு வாய் குடுக்கா" என்றாள். இத்தனை நாளில் ஒரு தடவைகூட அவள் கேட்டதில்லை. நான் வாயில் சோற்றோடு சொன்னேன், அந்தக் குரல் எனக்கு இப்போதும் கேட்கிறது, கோபம்கூட இல்லை, ஒரு சாமர்த்தியம், அவள் திரும்பிப் போய்விடட்டும் என்று, "தின்னா அந்த வைக்கோல எடுத்துரணும், தெரியும்ல" என்றேன். அப்படி ஒரு சட்டம் எந்த சிஸ்டரும் சொல்லவில்லை. நானே அப்போது உண்டாக்கினது. அன்றைய வைக்கோலை அவள் காலையிலேயே குடிலில் போட்டுவிட்டாள் போல, எந்த நாளும் முன்கூட்டியே போட்டுவிடுவாள், மத்தியானம் கொடுத்துவிடுவோம் என்கிற நம்பிக்கையில். பிறகு கையை நீட்டினாள். இரண்டு வாய் கொடுத்தேன், சின்ன வாய்தான். மென்று விழுங்கிவிட்டு, "சரி" என்றாள். சாயங்காலம் உடம்பு கொதிக்கக் கொதிக்க எழுந்து போயிருக்கிறாள், கோவில் அரைமைல். உபதேசியார் அவளைத் தோளில் போட்டு வந்தார், "குடில் முன்னால விழுந்து கெடந்துச்சு, கையில வைக்கோலு, போடணும்னு வந்துருக்கு, நான் வாங்கிப் போடுறேன்னாலும் விட மாட்டேங்குது, போடக் கூடாது போடக் கூடாதுங்குது" என்றார். அதைத்தான் புத்தகத்தில், தன்னைத் தகுதியற்றவளாக எண்ணிய தாழ்ச்சி என்று எழுதினார்கள். அம்மா சுக்குத் தட்டப் போனபோது நான் மட்டும் பாயருகில் இருந்தேன். அவள் கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கையில் ஒற்றை வைக்கோல், வியர்வையில் ஒட்டிக்கொண்டு. "அக்கா, எடுத்துட்டேன்" என்றாள்.

அவ்வளவுதான். அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. யாராவது கேட்டார்களா? கேட்டவர்கள் எல்லாம், கொடுத்தாளா கொடுத்தாளா என்றுதான் கேட்டார்கள். கொடுத்ததை நான் பிடுங்கினேன், அது என்னுடைய பாவம், அதை நான் நாற்பது வருஷமாக மூடி வைத்தேன், மூடும்போது அவள் வைக்கோலை எடுத்ததையும் சேர்த்து மூடிவிட்டேன். யாரும் எண்ணிப் பார்க்காத குடிலில் ஒரு வைக்கோல் கூடுதலாகக் கிடந்தால் யாருக்குத் தெரியும்? அவளுக்குத் தெரியும். தின்றுவிட்டுப் போட்டதாக வைத்துக்கொள்ளக் கூடாது, அதற்காக அந்தக் காய்ச்சலில் அரைமைல் நடந்தாள். கொடுத்ததில் என் கை இருந்தது. எடுத்ததில்? எடுக்கச் சொன்னதும் நான்தானே. இல்லை, நான் சும்மா சொன்னேன், அவள் அதைச் சும்மா எடுத்துக்கொள்ளவில்லை. அதற்கு மேல் எனக்கு யோசிக்கத் தெரியவில்லை. "பாட்டி" என்றாள் ஷெர்லின். "சாப்பிட்டா" என்றேன். அற்புதம் மூக்கைத் துடைப்பதை நிறுத்தினாள். "ரெண்டு வாய். பசிக்குதுன்னு கேட்டு வாங்கிச் சாப்பிட்டா." "புத்தகத்துல இல்லியே." "புத்தகத்துல இல்ல. எனக்குத் தெரியும்." ஷெர்லினுக்குப் புருவம் சுருங்கியது. "அப்ப அன்னைக்கு வைக்கோல்?" "போயி எடுத்துட்டு வந்துட்டா." அவள் அதை மனதுக்குள் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்ப்பது தெரிந்தது, பிறகு கேட்டாள், "அப்ப நான் சாப்பிட்டா நானும் எடுத்துரணுமா?" நான் எதைச் சொன்னாலும் இந்தப் பிள்ளை அதைச் சட்டமாக எடுத்துக்கொள்ளும், இவளும் அரைமைல் நடப்பாள். அங்கேயே உப்பில் உட்கார்ந்தேன். "எடுக்க வேணாம் தாயி. அமலிகிட்ட எடுக்கணும்னு சொன்னது நான். பொய் சொன்னேன். அவ சோறு எனக்கு வேணும்னு பொய் சொன்னேன். அது அவளுக்குத் தெரியாது." பிரகாசி வாசலிலிருந்து எப்போது வந்து பின்னால் நின்றாள் என்று தெரியவில்லை. ஷெர்லின், "அவ பாவம்" என்றாள். பையைக் கழற்றி டிபனைத் திறந்தாள், தக்காளிச் சோறு, நின்றபடியே இரண்டு வாய் சாப்பிட்டாள், எண்ணிக்கொண்டுதான் சாப்பிட்டாள், மூன்றாவதைக் கையில் எடுத்து என்னைப் பார்த்தாள். சாப்பிடு என்று தலையை ஆட்டினேன். சாப்பிட்டாள்.

அவர்கள் போனபிறகு பிரகாசி விளக்குமாற்றை எடுத்து மீதி உப்பைக் கூட்டினாள், என்னைப் பார்க்காமல் கூட்டினாள், இனிமேல் எல்லாரும் இப்படித்தான் என்னைப் பார்க்காமல் கூட்டுவார்கள் போல. ஒன்பதரைக்கே ஜீப் வந்துவிட்டது. முன்னால் லெயோ சாமி, பின்னால் ஆயர் இல்லத்திலிருந்து வந்த பெரிய சாமி, எழுதுகிறவர் ஒருவர், மடத்து சிஸ்டர் கையில் கண்ணாடிப் பெட்டி. லெயோ சாமி கல்லறையைச் சுற்றிப் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். பெரிய சாமி வயதானவர், வெயிலுக்குக் கைக்குட்டையைத் தலையில் போட்டிருந்தார், என்னை அம்மா என்று கூப்பிட்டார். சிஸ்டர் பெட்டியை அவரிடம் நீட்ட, அவர் அதை என் கண்ணுக்கு நேரே தாழ்த்திப் பிடித்தார். இத்தனை சின்னதா. என் சுண்டுவிரல் நீளம்கூட இல்லை, மஞ்சள் போய்ச் சாம்பல் நிறமாகிவிட்டது. "இதுதானேம்மா, அந்தப் பிள்ளை குடில்ல போடக் கொண்டுபோன வைக்கோல்?" சும்மா தலையாட்டினால் போதும். எத்தனையோ பேருக்குத் தலையாட்டியிருக்கிறேன், கழுத்துக்குப் பழக்கம். அற்புதம் கொடுத்த உப்புப் பொட்டலம் என் கைக்குள் இருந்தது, வியர்வையில் காகிதம் கிழிந்து, விரலில் வெட்டுப்பட்ட இடத்தில் உப்பு இறங்கி எரிந்தது. "இல்லீங்க சாமி" என்றேன். "இது போடக் கொண்டுபோனது இல்ல. போட்டத எடுத்துட்டு வந்தது." லெயோ சாமி, "இஞ்ஞாசியம்மா" என்றார் மெதுவாக. பெரிய சாமி அவரைக் கையமர்த்தினார். "அம்மா, எதுவா இருந்தாலும் சத்தியம் செஞ்சப்புறம்தான் நாங்க எழுதிக்கணும். வாங்க, பங்கு வீட்டுக்குப் போயிப் பேசலாம்." பங்கு வீடு இங்கிருந்து தெரிகிறது, கோவிலுக்கு அந்தப் பக்கம், வழியில் எட்டு வீடு, எட்டு வாசலிலும் ஆள் நிற்கும், எல்லாரும் எனக்குக் கும்பிடு போடுவார்கள். "அந்தச் சுவிசேஷப் புத்தகத்த இங்க கொண்டாரச் சொல்லுங்க சாமி" என்றேன். "அவ்வளவு தூரம் நடந்தா நான் மறுபடியும் மாத்திச் சொல்லிருவேன்."